குலுக்கிப் பார்ப்பதா, தடம் பிடிப்பதா?

அங்கன்வாடியில் தரும் சத்துமாவால் குழந்தைக்கு எடை ஏறுகிறதா? என் முதுகலை ஆய்வுக் கேள்வி இதுதான். விடை தேட இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஆர்.சி.டி. என்கிற குலுக்கல் சோதனை: சீட்டுக் குலுக்கி ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுத்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடுவது. மற்றது, மாவு பாக்கெட் வீட்டுக்குப் போவதிலிருந்து குழந்தையின் வாய்க்குள் போகிறவரை கூடவே இருந்து தடம் பிடிப்பது. நான் தடம் பிடித்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

குலுக்கலின் பலம் தெரிந்ததே. திட்டம் யாருக்கு என்பதைச் சீட்டு தீர்மானித்தால் வசதி, படிப்பு, அக்கறை எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தந்த மெக்சிகோவின் புரோகிரேசா திட்டத்தில், குலுக்கல்படி 506 கிராமங்களில் 320-க்கு முதலில் உதவித்தொகை போனது, 186 காத்திருந்தன. பள்ளிச் சேர்க்கை கூடியதற்குத் திட்டமே காரணம் என்று அதனால் அடித்துச் சொல்ல முடிந்தது.

ஆனால் ஓர் ஊரில் பலித்தது அடுத்த ஊரிலும் பலிக்குமா? என்னைத் திருப்பியது இந்தக் கேள்விதான். 1980-இல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை தளர்ந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை. பலன் தெரிந்தது. அதே பாணியில் 1995-இல் வங்கதேசத்தில் தொடங்கியபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. தத்துவவியலாளர் நான்சி கார்ட்ரைட் இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவார்: வங்கதேசத்தில் கடைக்குப் போவது ஆண்கள், கூட்டுக் குடும்பத்தில் சோற்றுப் பங்கீடு மாமியார் கையில். ஆலோசனை போனதோ மருமகளிடம். தமிழ்நாட்டுக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்திருந்தாலும் வங்கதேசத்து மாமியாரைக் காட்டியிருக்காது.

இதையே நான் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். பதிவேட்டில் கையெழுத்து சரியாக இருந்தது. வீட்டில் பாட்டி அந்த மாவை ஐந்து உருண்டையாகப் பிடித்தார். பள்ளிவிட்டு வந்த அண்ணனுக்கு இரண்டு, சின்னவளுக்கு அரை. "பசியோட வர்ற புள்ளைக்குக் குடுக்காம எப்படி கண்ணு இருக்கறது?" என்றார். அம்மா அப்போது நூறு நாள் வேலையில். மாவுக்கும் எடைக்கும் நடுவே பாட்டி இருக்கிறார் என்பது தெரிந்தால்தான், ஆலோசனையை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

குலுக்கலோடு தடத்தையும் சேர்த்துச் செய்பவர்கள் உண்டு. பணமும் ஆளும் இருந்தால் அதுவே மேல். பெரிய குலுக்கல் ஆய்வு எதிலும் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அதன் நடைமுறைச் சிக்கல்களைப் பற்றி என் பேச்சை முடிவாகக் கொள்ள வேண்டாம். நான் போனதும் முப்பது வீடுகள்தான். மாவால் மட்டும் எத்தனை கிராம் ஏறியது என்று கேட்டால் என் குறிப்பேட்டில் பதில் இல்லை. அதற்குக் குலுக்கத்தான் வேண்டும்.