ஐந்து ரோட்டு மாடிக் கடையும் என் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கும்

ஏற்காட்டில் இருக்கிறவனுக்கு ஒரு கேபிள் வேண்டுமென்றாலும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும். அதனால் கடையில் விலை 200 ரூபாய் முன்னே பின்னே இருந்தாலும் கவலைப்பட மாட்டேன். மறுபடி மலை இறங்க வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கல்யாணம், காதுகுத்து, ஏரிக்கரையில் டூரிஸ்ட் குடும்பங்கள் என்று படம் எடுப்பதுதான் பிழைப்பு. பழைய கம்ப்யூட்டர் நிரம்பி வழிந்ததால் புதிதாக ஒன்றை நானே கோத்தேன். பாகங்கள் எல்லாம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் மாடியில் இருக்கும் இந்தக் கடையில்தான். 4 டிபி டிஸ்க் வெறும் ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் வந்தது. பெட்டியும் இல்லை, கேபிளும் இல்லை. கேட்காமலேயே, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற ஒரு சாட்டா கேபிளை எடுத்து மேலே வைத்தார் கடைக்கார அண்ணன். பில்லில் ஏற்றவில்லை.

பவருக்கு என் பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ்-இன் (கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடிய பவர் சப்ளை பெட்டி) கேபிளைக் கையோடு கொண்டு போயிருந்தேன். சும்மா காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் திருப்பித் தரவே இல்லை. "தம்பி, இதைப் போட்டுறாதீங்க. டிஸ்க்ல சொருகுற பக்கம் எல்லாம் ஒண்ணுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி பின் மாறும். 5 வோல்ட் போற எடத்துல 12 வோல்ட் போச்சுன்னா டிஸ்க் அங்கயே காலி." புது எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் அதற்கான கேபிள் இருக்கும், தேடுங்கள் என்றார். இருந்தது. இந்த ஒரு வார்த்தைக்கே கடைக்கு நாலு ஸ்டார் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். டேட்டா கேபிளில் 7 பின், பவரில் 15. இரண்டு வாயும் 'எல்' வடிவம், தலைகீழாகப் போகாது. டிஸ்க் மேல் விரல் வைத்தால் சுற்றுகிற அதிர்வு தெரிகிறது, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் மட்டும் ஆளைக் காணோம். கேபிளை மாற்றினேன், அதே கதை. ராத்திரி எட்டரைக்கு, வெளியே பனிமூட்டம், கூச்சத்தோடு போன் போட்டேன். எடுத்தார்.

"எம்.2 எஸ்எஸ்டி எந்த ஸ்லாட்ல இருக்கு?"

"ரெண்டாவதுலண்ணா." மதர்போர்டிலேயே நேராகச் சொருகுகிற பட்டை எஸ்எஸ்டி-யைத்தான் கேட்டார்.

"அதான். அதுல போட்டா ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. மதர்போர்டு புக்ல பொடி எழுத்துல போட்டிருப்பான். பக்கத்து போர்ட்டுக்கு மாத்துங்க."

மாற்றினேன், வந்துவிட்டது. விண்டோஸில் டிரைவ் தெரியாததற்கு நான் பதறவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் இனிஷியலைஸ் (புது டிஸ்க்கைத் தயார்படுத்துவது) செய்ய வேண்டும், அங்கே கேட்கிற பார்ட்டிஷன் முறைக்கு ஜிபிடி. எம்பிஆர் கொடுத்தால் 2 டிபி-க்கு மேல் கைக்கு வராது. 3.63 டிபி என்றுதான் காட்டும்; கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. அதற்குக் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

ஒரு மனக்குறை. மதர்போர்டையும் எஸ்எஸ்டி-யையும் ஒரே நாளில் விற்றவர் அந்த எம்.2 சங்கதியை அன்றைக்கே சொல்லியிருந்தால் என் ஒன்றரை மணி நேரம் மிச்சம். வண்டி நிறுத்தவும் இடமில்லை. பைக்கை எதிர்ச்சாரியில் விட்டு நடக்க வேண்டும்.

போகிறவர்கள் திருகையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேபினெட்டோடு வந்த பொட்டலத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கான தடித்த மரைத் திருகு இரண்டுதான் மிஞ்சியது, மற்றதெல்லாம் எஸ்எஸ்டி-க்கான பொடி மரை. என் டிஸ்க் இப்போதைக்கு இரண்டு திருகில்தான் நிற்கிறது. அடுத்த முறை மலை இறங்கும்போது பார்க்கலாம்.