தீபாவளிக்குக் கூடும் பிள்ளைகளுக்கு எந்தக் கார் பந்தயம்?

கார்ட்டூன் படத்தை ஒட்டி வருகிற கேம் என்றாலே, படம் ஓடுகிற சூட்டில் காசு பார்க்கச் செய்த பண்டம் என்றொரு பேச்சு உண்டு. பல கேம்களுக்கு அது பொருந்தும். ‘கார்ஸ் 3: டிரிவன் டு வின்’ கேமுக்குப் பொருந்தாது. ‘கார்ஸ் 3’ கார்ட்டூன் படம் அமெரிக்கத் திரைக்கு வர மூன்று நாள் இருக்கும்போது, 2017 ஜூனில் வெளிவந்தது இது. செய்தவர்கள் அவலாஞ்ச் சாஃப்ட்வேர். 2016இல் டிஸ்னி இழுத்து மூடிய ஸ்டூடியோ. அடுத்த ஆண்டே வார்னர் பிரதர்ஸ் வாங்கித் திறந்தது. 2023இல் ஹாரி பாட்டர் உலகத்து கேமான ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’ செய்ததும் இவர்கள்தான். கைதேர்ந்தவர்கள்.

எதிரே நிற்பது ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’. அதுவும் 2017இல் வந்ததுதான், நிண்டெண்டோ சுவிட்ச் என்கிற கேம் மெஷினுக்கு. மூன்றாவதாக, காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் ‘டிஸ்னி ஸ்பீட்ஸ்டார்ம்’. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும் வீட்டில், கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் டிவி முன்னால் கூடும்போது எதைப் போட்டுவிடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

கூட்டம் பெரிதென்றால் மரியோதான். ஒரே திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் ஆடலாம். சுவிட்சோடு வரும் கன்ட்ரோலரை இரண்டாகக் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்தால் உடனே இருவர் ரெடி. நாலு வயதுக் குட்டிக்கு ‘ஸ்மார்ட் ஸ்டியரிங்’கைப் போட்டு, ஆக்சிலரேட்டர் தானாக அமுங்கும்படியும் வைத்துவிடலாம்; வண்டி பாதையை விட்டு விழாது. அந்த வசதி இருக்கும்போது சில குறுக்குவழிகளில் போக முடியாது, டிரிப்டில், அதாவது வளைவில் சறுக்கித் திரும்பும்போது, கிடைக்கும் பெரிய வேகமும் வராது. குட்டிக்கு அதைப் பற்றி என்ன கவலை? பாதைகளும் ஏராளம்: முதலில் 48, பிறகு தனிக் காசுக்கு வந்த தொகுப்பையும் வாங்கினால் 96.

ஆனால் மரியோவில் ஒரு சங்கடம் உண்டு, அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். பின்னால் ஓடுகிறவனுக்குப் பலமான ஆயுதம், முன்னால் ஓடுகிறவனுக்கு வாழைப்பழத் தோல். மூன்று சுற்றும் ஒழுங்காக ஓட்டிய பிள்ளை, கோட்டைத் தொடப்போகும் நேரத்தில், முதலில் ஓடுகிறவரைத் துரத்திவரும் நீல ஆமை ஓடு என்கிற ஆயுதத்தில் அடிபட்டு ஐந்தாவதாக வரும். பெரியவர்களுக்கு அது சிரிப்பு. ஏழு வயதுக்காரிக்கு அநியாயம். “மாமா, நான்தானே ஃபர்ஸ்ட் வந்தேன்!” என்று அழுகிறவளுக்கு நீங்கள் என்ன சமாதானம் சொல்வீர்கள்? பின்தங்கியவனும் ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே போட்ட கணக்கு அது. கூட்டத்தில் யாரும் சலிக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

கார்ஸ் 3 இந்த இடத்தில்தான் மனசுக்குப் பிடிக்கிறது. ஆயுதத்தோடு மோதும் பந்தயமும் அதில் உண்டு, ஆயுதமே இல்லாத வெறும் பந்தயமும் உண்டு. வேகம் அதிர்ஷ்டத்தில் வராது, ஓட்டுகிற விதத்தில் வரும். டிரிப்ட் அடித்தால், இரண்டு சக்கரத்தில் சாய்ந்து ஓடினால், திரும்பி நின்று பின்பக்கமாகவே ஓட்டினால், மேட்டில் எகிறும்போது குட்டிக்கரணம் போட்டால், வண்டியைச் சீறவைக்கும் டர்போ நிரம்பும். படத்தின் நாயகக் கார் மின்னல் மெக்குவின், தன் ஊரான ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் சாலையில் பின்பக்கமாக ஓடுவதைப் பார்த்தால் அந்த வீட்டுத் தாத்தாவும் ஒரு தடவை கன்ட்ரோலரைக் கேட்பார். ஆயுதமில்லாப் பந்தயத்தில் தோற்ற பிள்ளை, ‘அந்த வளைவில் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கணும்’ என்று தானே கண்டுபிடிக்கும். ஒரு வித்தையை இத்தனை தடவை செய் என்று கேம் கொடுக்கும் பட்டியலை முடிக்க முடிக்கப் புது வண்டிகளும் பாதைகளும் திறக்கும். அதற்குத் தனிக் காசு கிடையாது. பந்தயமே வேண்டாம் என்கிற குட்டி தண்டர் ஹாலோ மைதானத்தில் இஷ்டத்துக்குச் சுற்றலாம்.

குறையும் உண்டு. கன்ட்ரோலரின் வலது குச்சியைத் தள்ளித்தான் வித்தை காட்ட வேண்டும். நாலு வயது விரலுக்கு அது எட்டாது. இணையத்தில் வேறு ஊர்ப் பிள்ளையோடு போட்டி போடவும் முடியாது. இதைக் குறை என்று சில பெற்றோர் சொல்ல மாட்டார்கள்.

ஸ்பீட்ஸ்டார்மைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. பார்க்க அழகு, ஓட்டவும் சுகம். கேம்லாஃப்ட் பார்சிலோனா செய்தது, 2023 செப்டம்பரிலிருந்து இலவசம். ஆனால் இணையம் அறுந்தால் கேமும் அறுந்தது. பாத்திரங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் திறக்க வேண்டும், சீசனுக்குச் சீசன் கடை விரிக்கும். பத்து வயதுப் பையன் “அப்பா, இது மட்டும்” என்று உங்கள் கைப்பேசி இ-வாலட்டை நோட்டம் விடுவான். தனியாக ஆடும் பதின்ம வயதுக்காரனுக்கு வேண்டுமானால் சரி. விருந்து வீட்டுக்கு வேண்டாம்.

சுவிட்சே இல்லாத வீடு என்றால் யோசிக்கவே தேவையில்லை. கார்ஸ் 3 பழைய பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்திருக்கிறது. ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கும் மெஷினைத் தட்டி எழுப்பிக்கொள்ளலாம். சுவிட்ச் உள்ளவர்கள் இரண்டையும் வாங்கிவைத்தால் நல்லது: அக்கா தம்பி மட்டும் இருக்கும் சனிக்கிழமைக்குக் கார்ஸ் 3, ஊரே கூடும் நாளுக்கு மரியோ. புக்கிட் பிந்தாங் பக்கம் செகண்ட் ஹேண்ட் தேடுகிறவர்கள் எந்த நாட்டு சுவிட்ச் கார்ட்ரிஜ் (கேம் இருக்கும் சிறு அட்டை) என்று அதிகம் பயப்பட வேண்டாம், சீனாவுக்கென்று வெளியிட்டதைத் தவிர மற்றவை ஓடும். பெட்டிக்குள் கார்ட்ரிஜ் இருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்து, கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு வெள்ளியை நீட்டுங்கள்.