முயல் வேட்டை: படம் பிரமாதம், பிரதி சுமார்

ஓவியர் பீட்டர் ப்ரூகல் 1560இல் செய்த ‘முயல் வேட்டை’ எட்சிங்கின் (உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப் படம்) பிரதியை ஓர் இணையக் கடையில் வாங்கினேன். மனதுக்கு இதமான வனக் காட்சி, வரவேற்பறைக்கு ஏற்றது என்று விற்பனைக் குறிப்பில் இருந்தது. படத்தைப் பார்க்காமலே எழுதியிருக்க வேண்டும்.

முதலில் மரங்களும் ஆற்றுச் சமவெளியும்தான் கண்ணில் படும். அப்புறம்தான் குறுக்குவில்லால் முயல்களைக் குறிவைக்கும் ஆள் தெரிவான். அவனுக்குப் பின்னால் ஈட்டியோடு இன்னொருவன் பதுங்கி வருகிறான். இரண்டு முயலைத் துரத்துபவனுக்கு ஒன்றும் சிக்காது என்ற பழமொழியை அந்தக் காலத்து அறிஞர் எராஸ்மஸ் தொகுத்திருக்கிறார்; அதைத்தான் இந்தப் படத்துக்கு விளக்கமாகச் சொல்வார்கள். சரி, ஈட்டிக்காரன் எதற்கு?

எனக்கு, படத்தில் இல்லாத மூன்றாவது ஆள்தான் முக்கியம். அன்றைய ஐரோப்பாவில் வேட்டை உரிமை பெரும்பாலும் பிரபுக்களுடையது. அவர்களுக்கான வேட்டைப் படம் என்றால் குதிரை, நாய்க்கூட்டம், கொம்பூதும் ஏவலாட்கள் எல்லாம் வரும். இங்கே முன்னால் தெரிவது நடந்து வந்த இரண்டு பேர்தான். நிலத்துக்குச் சொந்தக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குத்துப்பட்டால் சாகப்போவது சமூகத்தில் கீழே இருக்கிறவன். ஆண்ட்வெர்ப்பில் இதை வெளியிட்டவர் ஹீரோனிமஸ் காக். ஓவியம் வாங்க வசதியில்லாத நகரத்தாருக்கும் அச்சுப் படம் எட்டும். அவர்கள் இந்த ஜோடியைப் பிரபுவின் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ப்ரூகலின் மற்ற அச்சுப் படங்களுக்கு அவர் வரைந்து கொடுப்பார், தகட்டில் செதுக்குவது வேறு கைவினைஞர்கள். அவரே தகட்டில் ஊசி பிடித்தது இது ஒன்றுக்குத்தான். குட்டிக் குட்டிக் கீறலும் புள்ளியும்தான் இதன் உயிர். பிரதியில் அடிவாங்கியிருப்பதும் அதுதான். மூலம் ஏறக்குறைய 22க்கு 29 செ.மீ. இவர்கள் அதை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கியதில் இலையெல்லாம் பஞ்சாகிவிட்டது. பழசாகத் தெரியட்டும் என்று பழுப்பு வேறு பூசியிருக்கிறார்கள். அதில் ஈட்டி பாதி மங்கிவிட்டது. தாள் நல்ல தடிமன், பேக்கிங்கிலும் குறையில்லை. ஐந்துக்கு இரண்டு தரலாம்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் இந்தப் படம் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கி, அசல் அளவிலேயே பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது கண் மட்டத்தில், கிட்டப் போய்ப் பார்க்கிற இடமாக மாட்டுங்கள். சோபாவுக்கு மேலே உயரத்தில் வைத்தால் ஈட்டிக்காரன் தெரியவே மாட்டான்.