கொழும்பில் பைக்: ஓவரோல் பண்ணுவதா, பாவித்தது வாங்குவதா, புதிதா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கின. இடைப்பட்ட அந்த ஐந்து வருடமும் கொழும்பில் பைக் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிதாக யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓட்டினோம், அவ்வளவுதான். இப்போது ஷோரூம் வாசலில் புதுப் பைக் வரிசையாக நிற்கிறது, லீசிங்காரர் போன் எடுக்கிறார், பக்கத்து வீட்டுத் தம்பி புதுசு எடுத்துவிட்டான். உடனே நமக்கும் கை அரிக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். மூன்று வழி இருக்கிறது: ஓவரோல் (இருக்கிற பைக்கின் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பது), பாவித்தது, புதுசு. மின்சாரத்தையும் சேர்த்தால் நான்கு. இதில் பெரும்பாலான ஆட்கள் நடுவிலே இருக்கிற பாவித்ததைத்தான் பாதுகாப்பான தெரிவு என்று நினைக்கிறார்கள், என் கணக்கில் இன்றைய கொழும்பில் அதுதான் பலவீனமானது. ஏன் என்று சொல்கிறேன்.

வழமையாகப் பாவித்த பைக் வாங்குகிறவர் தேடுவது மூன்று, நான்கு வருடம் ஓடிய ஒன்றை. முதல் ஆள் புதுசுக்கான விலை இறக்கத்தைத் தாங்கியிருப்பார், இன்ஜின் இன்னும் இறுக்கமாக இருக்கும், நமக்கு இலாபம். ஆனால் அந்த வயதுப் பைக் நம் சந்தையில் எங்கே இருக்கிறது? இறக்குமதி இல்லாத காலத்தில் இங்கேயே பொருத்தி விற்ற சிலவற்றைத் தவிர, பதிவானது மிகக் குறைவு. ஆகவே விற்பனைக்கு வருவது ஒன்றில் தடைக்கு முன்னர் பதிவானது, இல்லாவிட்டால் நேற்றுத்தான் எடுத்து லீசிங் கட்ட முடியாமல் விற்கிறது. முதல் வகை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பைக்கின் வயதுதான், ஆனால் யார் எப்படி ஓட்டினார் என்று தெரியாது. இரண்டாவது வகை ஏறக்குறைய புதுசின் விலை. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஏறிய விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் அந்த விலையே கேட்கிற ஆட்களும் நிறைய.

சரி, அப்படியென்றால் உள்ளதைத் திருத்துவோம் என்று வந்தால், முதலில் என்ன நோய் என்று தெரிய வேண்டும். புகை வந்தவுடனே "இன்ஜின் போய்விட்டது" என்று பயப்படுகிறவர்கள் அதிகம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு வீச்சு நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால் அநேகமாக வால்வ் சீல், அது சின்ன வேலை. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம், ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் புகைத்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் பக்கம். அப்போதும் ஓயில் மாற்றி அடுத்த மாற்றத்துக்குள் எவ்வளவு குறைகிறது என்று டிப்ஸ்டிக்கில் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சிலிண்டரைப் போர் பண்ணி, அதாவது உள்ளே குடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது சிலிண்டருக்குள் இரும்புக் குழாய் (ஸ்லீவ்) உள்ள சாதாரண இன்ஜின்களில் நடக்கும் வேலை: 0.25, 0.50, 0.75, 1 மில்லிமீற்றர் என்று படிப்படியாகப் போகலாம், முதல் படியில் இருக்கிற பைக்குக்கு இன்னும் ஆயுள் உண்டு, கடைசிப் படியில் நிற்கிறதுக்கு இல்லை. முன்பு எந்தப் படி போட்டிருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்கள். யமஹா ஆர்15 மாதிரி ஸ்லீவ் இல்லாத அலுமினிய சிலிண்டர் உள்ளவற்றில் இந்த வழி இல்லை, முழு சிலிண்டரையே மாற்ற வேண்டும், செலவும் அதற்கேற்பத் தாவும்.

இதில் கொழும்புக்காரருக்கு இருக்கிற பெரிய வசதி பஞ்சிகாவத்தை. மருதானையிலிருந்து நடக்கிற தூரத்தில், புதிய பார்ட்ஸ், கழற்றிய பார்ட்ஸ் எல்லாம் வரிசைக் கடைகளில். பஜாஜ் சி.டி. 100, டிஸ்கவர், பல்சர் 150, ஹொண்டா டியோ போன்றவை நாடு முழுக்க ஓடுவதால் இவற்றின் சாமான் கிடைக்காமல் வேலை நிற்பது அரிது. அதனால்தான் என் முதல் அளவுகோல் பைக்கின் வயது இல்லை, மீற்றரும் இல்லை. சாமான் கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துத் தருகிறாரா, "ஓடர் போடணும், இரண்டு கிழமை ஆகும்" என்கிறாரா என்பதுதான். நல்ல இன்ஜின் உள்ள, ஆனால் சாமான் வராத மொடலை வைத்துக்கொண்டு இழுபடுவதைவிட, பதினைந்து வயது டிஸ்கவரை ஓவரோல் பண்ணுவது எவ்வளவோ மேல்.

ஆனால் ஓவரோலுக்கு ஒரு எல்லை உண்டு, அது சேஸி, அதாவது பைக்கின் உடற்சட்டம். இன்ஜினைப் புதிதாக்கலாம், துருவைப் புதிதாக்க முடியாது. வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் என்று கடற்காற்று படுகிற பக்கம் வெளியில் நிறுத்துகிற பைக்குகளில் சீற்றுக்குக் கீழே, ஸ்டாண்ட் பூட்டுகிற இடம், பின் சில்லைத் தாங்குகிற சுவிங் ஆர்ம் சேர்கிற மூலை, இவற்றைப் பெயின்ட்டுக்கு மேலால் பார்த்து ஏமாறாதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கதை முடிந்தது. சேஸியில் வெல்டிங் போட்ட பைக்கில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், யார் எவ்வளவு நல்ல வெல்டர் என்று சொன்னாலும் சரி. கோன் செட், சுவிங் ஆர்ம் புஷ், போர்க் ஓயில் சீல் எல்லாம் மாற்றக்கூடியவை, அவற்றுக்காகப் பைக்கைக் கைவிடத் தேவையில்லை.

இப்போது காசுக் கணக்கு. "புதுசு எடுத்தால் பெற்றோல் மிச்சம்" என்கிற பேச்சை எல்லோரும் நம்புகிறார்கள், ஆகவே போட்டே பார்ப்போம். வத்தளையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வந்து போகிற ஒருவர், நடுவில் அங்கே இங்கே அலைச்சலையும் சேர்த்து மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறார் என்று வையுங்கள். பழைய 150 லீற்றருக்கு 35 கிலோமீற்றர் தருகிறது, புதிய 125 ஒன்று 50 தரும். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் பழையதுக்கு ஏறக்குறைய 8,570 ரூபா, புதியதுக்கு 6,000. மிச்சம் மாதம் 2,570 ரூபா. பழையதை விற்ற காசு போக, புதுசுக்கு 5 இலட்சம் மேலால் போடுகிறீர்கள் என்றால், பெற்றோல் மிச்சத்தால் மட்டும் அதை மீட்க 16 வருடம் வேண்டும். அதே 5 இலட்சத்தை 8 வீத நிலையான வைப்பில் போட்டால் மாதம் 3,300 ரூபாவுக்கு மேல் வட்டி வரும், அதாவது பெற்றோல் மிச்சத்தைவிடக் கூட. லீசிங்கில் எடுக்கிறவருக்கு நிலைமை இன்னும் மோசம், வட்டி எதிர்ப்பக்கமாக ஓடுகிறது, போதாததுக்கு முழுக் காப்புறுதியும் போடச் சொல்வார்கள். மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, அந்தப் பெரிய தொகையைத் தாளில் எழுதி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். கோட்டுக்கு வாரம் 4 லீற்றர் தந்த காலத்தில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது, உண்மைதான், அந்த நினைவு இன்னும் நம் முடிவுகளில் இருக்கிறது. ஆனால் பெற்றோலுக்காக மட்டும் புதுசு எடுப்பது கணக்கில் நிற்காது.

அப்படியானால் புதுசை எதற்காக எடுக்க வேண்டும்? பிறேக்குக்காக. இதை நான் அழுத்திச் சொல்வேன். நம் பைக்குகள் பெரும்பாலும் வருகிற இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் பைக்குக்கும் ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டுப்படாமல் தடுக்கிற முறை) கட்டாயமானது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு முன் பின் பிறேக் சேர்ந்து பிடிக்கிற முறை வந்தது. 2020 ஏப்ரலில் அங்கே புகை விதிகளும் இறுகி, காபரேட்டர் போய் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வந்தது. நமக்குக் கதவு அடைபட்டதும் ஏறக்குறைய அதே நேரம்தான். அதனால் நம் வீதியில் ஓடுகிற பழைய பைக்குக்கும் இப்போது வருகிறதுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே விடுபட்டிருக்கிறது. மே மாதத்து மழையில் பேஸ்லைன் வீதியில் பஸ் ஒன்று குறுக்கே வெட்டும்போது முன் சில்லு பூட்டுப்பட்டு வழுக்குவதா, பூட்டுப்படாமல் நிற்பதா என்பது பெற்றோல் கணக்கில் வராத ஒன்று. ஒரு விஷயம் மட்டும் கவனம்: இந்தியாவில் அப்படி வருகிறது என்பதற்காக இங்கே வருகிற ஒவ்வொரு மொடலும் அதே அம்சங்களோடு வரும் என்று எண்ண வேண்டாம், ஏற்றுமதிக்கு வேறு பதிப்பு அனுப்புவார்கள். ஏபிஎஸ் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், முன் சில்லில் பல் வெட்டிய வளையமும் அதன் அருகே சென்சரும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

இன்னொரு காரணம், வேலை நாள். என் மச்சான் ஒருவர் உணவு டெலிவரி ஓடுகிறார். அவருடைய பைக் கராஜில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்குச் சம்பளமில்லாத நாள், ஆகவே திருத்தச் செலவோடு அந்த நாட்களின் வருமானத்தையும் கூட்டித்தான் அவர் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிக் கூட்டினால் புதுசு பல நேரம் வெல்லும். அலுவலகத்துக்கு மட்டும் போகிறவருக்கு 138இலோ காலி வீதி பஸ்ஸிலோ ஒருநாள் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது, அவருக்கு ஓவரோல் போதும். டயர், செயின் செட், பிறேக் ஷூ, ஓயில், ஸ்கூட்டர் என்றால் பெல்ட், ரோலர், இவை புதுப் பைக்கிலும் வருகிற செலவு, இவற்றைத் திருத்தச் செலவில் சேர்த்துவிட்டுப் "பழசு காசு தின்கிறது" என்று சொல்வது நியாயமில்லை. இவற்றைக் கழித்த பிறகும் ஒரு வருடத்தில் மூன்று தடவை வீதியில் நிற்க வைத்தால், அப்போது மாற்றுகிற நேரம்.

இவ்வளவுக்குப் பிறகும் பாவித்ததுதான் கைக்கு எட்டும் என்கிறவர்கள் இருப்பார்கள், அது குறையல்ல. தெரிந்த ஆளின் பைக் என்றால் தயங்காமல் எடுக்கலாம். தெரியாதவரிடம் என்றால், இன்ஜின் ஆறிப்போய் இருக்கும் நேரம் போங்கள், நீங்கள் வர முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் உண்டு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. மீற்றர் 12,000 காட்டுகிற பைக்கில் டயர் பைக்கைவிடப் பிந்திய வருடத்தது, அதாவது இரண்டாவது செட் என்றால் மீற்றரை நம்ப வேண்டாம். களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல பக்கம் தண்ணீருக்குள் நின்ற பைக் பிறகு வேறு ஊரில் விற்பனைக்கு வரும், ஹெட்லைட்டுக்கு உள்ளே சேற்றுக் கோடு, வயர் சொக்கெட்டில் பச்சை பூத்திருப்பது, ஓயில் பால் கலந்த கோப்பி நிறம், இதில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். சேஸி இலக்கத்தையும் இன்ஜின் இலக்கத்தையும் சி.ஆர். புத்தகத்தோடு (பதிவுச் சான்றிதழோடு) விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1,000 கிலோமீற்றருக்கு ஒரு சாதாரண மின்சார ஸ்கூட்டர் 30 அலகு சுற்றித்தான் குடிக்கும், உங்கள் வீட்டுக் கட்டணத்தின் உயர்ந்த படியில் கணக்கிட்டாலும் பெற்றோல் செலவில் பாதிக்கு வராது. ஓட்டச் செலவில் இதை எதுவும் அடிக்காது. கேள்வி எங்கே சார்ஜ் பண்ணுவது என்பதுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகளில் கீழ்த்தளத்துப் பார்க்கிங்கில் ப்ளக் தருகிற நிர்வாகம் குறைவு, ஆகவே கழற்றி மேலே கொண்டுபோகக்கூடிய பற்றரி இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். லெட் அசிட் பற்றரியை விட்டு லிதியத்தைத் தேடுங்கள், பற்றரி மாற்ற என்ன விலை என்பதை வாங்க முன்னரே எழுத்தில் கேளுங்கள், பதிவு இலக்கத்தகடு இல்லாமல் ஓடலாம் என்று எவர் சொன்னாலும் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

எந்த முடிவானாலும் அதற்கு நல்ல நேரம் ரெவனியூ லைசன்ஸ் முடிய இரண்டு மாதம் முன். எப்படியும் எமிஷன் டெஸ்ட்டுக்குப் போக வேண்டும், காபரேட்டர் டியூன் பண்ணியும் அதில் தேறாத பைக் தன் நிலைமையைத் தானே சொல்லிவிடும். விற்பதென்றால் புது லைசன்ஸோடு விற்றால் பேரம் பேசுகிறவருக்கு ஒரு பிடி குறையும். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, கொடுத்துவிடாதீர்கள். வாங்குகிறவரோடு சேர்ந்து நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள், அதுவரைக்கும் அந்தப் பைக் எங்கே யாரை இடித்தாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் இருக்கிற உங்கள் பெயரைத்தான்.