போஸ்ட்ஃபிக்ஸ் கியூ தேங்கினால்: ஃப்ளஷ், ஹோல்ட், ரீகியூ, டெலிட்

போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் டெஃபர்டு கியூவில் (உடனே போகாமல் மறுமுயற்சிக்குக் காத்திருக்கும் மெயில் வரிசை) ஆயிரக்கணக்கில் மெயில் நிற்பதைப் பார்த்ததும் பலரின் கை 'போஸ்ட்கியூ -எஃப்' என்ற ஃப்ளஷ் கட்டளைப் பக்கம்தான் போகிறது. பெரும்பாலும் அதுவே தப்பான முதல் அடி. முதலில் 'கியூஷேப் டெஃபர்டு' அடித்துப் பாருங்கள்: எந்த டொமைனுக்கு எத்தனை மெயில், எத்தனை நிமிடமாக நிற்கிறது என்று பிரித்துக் காட்டும். ஒரே டொமைனில் குவிந்திருந்தால் சிக்கல் எதிர்முனையில், அல்லது அவர்கள் உங்கள் ஐபியை மட்டுப்படுத்துகிறார்கள். எல்லா டொமைனிலும் பரவியிருந்தால் உங்கள் பக்கம்தான்: டிஎன்எஸ் செத்திருக்கும், அல்லது வெளியே போகும் 25-ஆம் போர்ட் அடைபட்டிருக்கும். '-எஸ்' சேர்த்தால் அனுப்புநர் டொமைன் வாரியாக வரும். உங்கள் டொமைனே உச்சியில் நின்றால் யாராவது ஒரு பயனரின் பாஸ்வேர்டு களவுபோயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ளஷ், நிற்கும் எல்லா மெயிலையும் உடனே மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. போஸ்ட்ஃபிக்ஸே 300 விநாடியில் தொடங்கி 4000 விநாடி வரை இடைவெளியை நீட்டி நீட்டித்தான் முயலும். ஃப்ளஷ் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். ஆக்டிவ் கியூவில் (இப்போது அனுப்பப்படும் மெயில்களின் வரிசை) இயல்பாக 20,000 மெயிலுக்குத்தான் இடம். பதிலே சொல்லாத சர்வர்களுக்கான மெயில் அதை அடைத்தால், ஒழுங்காகப் போகவேண்டிய புது மெயிலும் பின்னால் மாட்டிக்கொள்ளும். கோளாறைச் சரிசெய்த பிறகு ஒரே ஒருமுறை அடிக்கலாம். குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி கிரானில் போட்டு வைப்பது வேண்டாத வேலை. ஒரு மெயிலை மட்டும் சோதிக்க போஸ்ட்கியூவில் '-ஐ' போட்டுக் கியூ ஐடியைக் கொடுங்கள். 'போஸ்ட்கியூ -எஸ்' ஒரு டொமைனை மட்டும் தள்ளும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். மாற்றி அமைக்காதவரை அது ரிலே டொமைன்களுக்கு (உங்கள் சர்வர் வாங்கி வேறு சர்வருக்குக் கடத்தும் டொமைன்கள்) மட்டுமே.

காரணம் பிடிபடாத நேரத்தில் ஹோல்ட்தான் நல்லது. 'போஸ்ட்சூப்பர் -எச் ஆல் டெஃபர்டு' (எச் சிறிய எழுத்து, ஆல் பெரிய எழுத்து) எல்லாவற்றையும் ஓரமாக நிறுத்தும்; எதுவும் தொலையாது. களவுபோன கணக்கு என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கியூ மறுபடி நிரம்பும். ஹோல்டில் இருக்கும்வரை மெயில் காலாவதி ஆகாது. ஆனால் இயல்பான ஆயுளான 5 நாளில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிட்டால், பெரிய எச் போட்டு விடுவித்ததும் சீக்கிரமே பவுன்ஸ் ஆகி அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அப்படிப்பட்டவற்றை ரீகியூ செய்துதான் விடுவிக்க வேண்டும்.

ரீகியூ ('போஸ்ட்சூப்பர் -ஆர்') மெயிலை மெயில்டிராப்புக்கு (மெயில் முதலில் நுழையும் வரிசை) கொண்டுபோய்ப் புதுக் கோப்பாக எழுதவைக்கிறது. விர்ச்சுவல் ஏலியஸையோ (ஒரு முகவரியை வேறொன்றாக மாற்றும் பட்டியல்) கன்டென்ட் ஃபில்டரையோ (மெயிலின் உள்ளடக்கத்தைச் சோதிக்கும் வடிகட்டி) திருத்தியிருந்தால் இது கட்டாயம், பழைய மதிப்புகள் கியூ கோப்பிலேயே பதிந்திருக்கும். ரிலேஹோஸ்டை (வெளியே போகும் மெயிலை வாங்கி அனுப்பும் இடை சர்வர்) மட்டும் மாற்றியவர்களுக்குத் தேவையில்லை. ரீலோட் செய்து ஒரு ஃப்ளஷ் போதும்.

டெலிட்டில் 'நிச்சயமா?' என்ற கேள்வியே வராது, அனுப்பியவருக்குத் தகவலும் போகாது. ஸ்பேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் 'ஆல்' வேண்டாம்: 'போஸ்ட்கியூ -ஜே' தரும் ஜேசனில் அனுப்புநரை வைத்து ஐடிகளைப் பிரித்தெடுத்து, 'போஸ்ட்சூப்பர் -டி -' என்ற கட்டளைக்குப் பைப் செய்யுங்கள். போகவே போகாத நல்ல மெயிலுக்கு 3.5 பதிப்பிலிருந்து போஸ்ட்சூப்பரில் '-இ' இருக்கிறது. அடுத்த முயற்சியின்போது அது அனுப்பியவரிடமே பவுன்ஸாகத் திரும்பும். ஹோல்டில் கிடப்பதை '-இ' விடுவிக்காது, அதனால் அது திரும்பாமல் அங்கேயே நிற்கும்; விடுவித்துத் திருப்ப '-எஃப்'. போஸ்ட்கியூவின் '-எஃப்' வேறு, போஸ்ட்சூப்பரின் '-எஃப்' வேறு. எந்தக் கட்டளையில் அடிக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.