கானோவில் வீடு தேடி வரும் மலேரியா தடுப்பு மருந்து: எங்கள் அனுபவம்

நைஜீரியாவின் கானோ நகருக்குச் சின்னக் குழந்தையோடு குடிவரப் போகும் நம் ஊர்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவருக்கு ஷராடா தொழிற்பேட்டையில் வேலை. மகளுக்கு இரண்டு வயது. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மலேரியா அதிகம் வருவதும் அந்த மழையிலும் அதை ஒட்டிய வாரங்களிலும்தான். அந்த மாதங்களில் மூன்று மாதக் கைக்குழந்தை முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் மாதம் ஒரு சுற்று தடுப்பு மாத்திரை தருகிறார்கள். காசு கிடையாது. நம் ஊரில் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாக வருவார்களே, அதே மாதிரிதான் வருகிறார்கள். ஆனால் இது ஒரே நாளில் முடிவதில்லை, மூன்று நாள் மருந்து.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஹிஜாப் அணிந்த இரண்டு பெண்கள். இந்த ஊரில் வெளி ஆண்கள் வீட்டுக்குள் வர முடியாது, அதனால் பெண்களை அனுப்புவது மிகச் சரியான ஏற்பாடு. முதலில் குழந்தையின் வயதைக் கேட்டார்கள். ஒரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு அளவு, அதற்கு மேல் ஐந்து வரை இன்னொரு அளவு, இரண்டுக்கும் தனித்தனி மாத்திரை அட்டை. அப்புறம் கேள்விகள்: இன்று காய்ச்சல் உண்டா? சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதா? போன ஒரு மாதத்தில் இதே மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? எங்கள் டிரைவரின் மகனுக்கு அன்று உடம்பு சுட்டது. அவனுக்கு மாத்திரை கொடுக்கவில்லை, ரத்தப் பரிசோதனைக்குச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். மலேரியா இருந்தால் சிகிச்சை மருந்து வேறு, இந்தத் தடுப்பு மாத்திரை கூடாது. அவசரமாக நடந்துகொண்டிருந்த வேலையிலும் இதை விடாமல் கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை வந்தது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் ஒரு வெள்ளை மாத்திரை, மூன்று மஞ்சள் மாத்திரைகள். வெள்ளை, சல்பாடாக்சினும் பைரிமெத்தமினும் சேர்ந்தது. மஞ்சள், அமோடியாகுயின். முதல் நாள் வெள்ளையும் ஒரு மஞ்சளும். அடுத்த இரண்டு நாள் தினம் ஒரு மஞ்சள். கொஞ்சம் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். முதல் நாள் மருந்தை அவர்கள் கண் முன்னாலேயே கொடுக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் பார்ப்பார்கள், அதற்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒருமுறை கொடுப்பார்கள். பதிவு அட்டையில் குறித்துத் தந்துவிட்டு, கதவில் சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள்.

குறை என்றால் அந்தக் கசப்புதான். இனிப்பு சேர்த்திருந்தும் மஞ்சள் மாத்திரை கசக்கத்தான் செய்கிறது. முதல் நாள் புதிய முகங்களைப் பார்த்துக் குழந்தை விழுங்கிவிடும். இரண்டாம் நாள் நம்மிடம் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அம்மா, "முதல் நாளே கொடுத்தாச்சே, போதாதா?" என்று கேட்டார். போதாது. மூன்று நாளும் முழுசாகப் போனால்தான் ரத்தத்தில் மருந்தின் அளவு நான்கு வாரம் போல நிற்கும். அது குறைந்ததும் பாதுகாப்பும் போய்விடும், ஏனென்றால் இது தடுப்பூசி இல்லை. அதனால்தான் மாதா மாதம் வருகிறார்கள். நான் தண்ணீரைக் குறைவாக ஊற்றிக் கரைத்து, ஸ்பூனில் கொடுத்து, உடனே வாழைப்பழம் ஒரு வாய் ஊட்டிவிடுவேன். போனில் அலாரமும் உண்டு. வேலைக்காரப் பெண்ணிடம் இந்தப் பொறுப்பை விடாதீர்கள்.

இன்னொரு குறை அவர்கள் பக்கம் இல்லை, நம் பக்கம். வெளிநாட்டுக் குடும்பங்கள் இருக்கும் பெரிய காம்பவுண்டுகளில் வாசல் காவலர், இங்கே மைகாடி என்பார்கள், இந்தப் பெண்களை உள்ளே விடுவதே இல்லை. எங்கள் குடியிருப்பிலும் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. வந்த முதல் வாரமே மைகாடியிடம் சொல்லி வையுங்கள், தேதியை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலன் உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒழுங்காகக் கொடுத்தால், அந்தக் காலத்தில் வரும் மலேரியாவில் முக்கால்வாசியைத் தடுக்கும் என்பது ஆய்வுகளின் கணக்கு. சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமாக உள்ள சஹேல் பகுதிக்கு உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது 2012இல். 2023இல் ஆப்பிரிக்க நாடுகளில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 5.3 கோடி குழந்தைகளுக்கு இந்த மருந்து கிடைத்தது. உலகின் மலேரியா மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நைஜீரியா என்ற இந்த ஒரே நாட்டில்தான், அதிலும் பெரும்பாலும் சின்னஞ்சிறு பிள்ளைகள். அப்படி ஒரு ஊரில் கதவைத் தட்டி இலவசமாகத் தருகிறார்கள் என்றால் நான் இரண்டு கையையும் நீட்டி வாங்குவேன். மீதி கால்வாசிக்காக மருந்து தோய்த்த கொசுவலை கட்டாயம். மகள் ஒரு நாள்கூட வலை இல்லாமல் தூங்குவதில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் கசப்புக்காகக் குறைத்தது.

நடுவில் ஊருக்கு லீவில் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு சுற்று விட்டுப்போனால் பதற வேண்டாம், திரும்பி வந்ததும் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். பதிவு அட்டையைக் கைப்பையில் வைத்திருங்கள். ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வைரல் என்று காத்திருக்காமல், நைஜீரியாவில் இருந்து வந்திருக்கிறோம், இந்த மாத்திரை கொடுத்திருக்கிறோம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.