இலைப் படத்தைப் பார்த்துப் போத்தல் விற்கும் கடைகள்: வீட்டுக்குள் கஞ்சாச் செடி வளர்ப்பவர்கள் கவனம்

ரொறன்ரோப் பக்கம் வீட்டுக்குள் கஞ்சாச் செடி வைத்திருப்பவர்களுக்கும், இனித்தான் தொடங்கப் போகிறேன் என்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்காபரோவில் வளர்ப்புச் சாமான் விற்கும் ஒரு கடையில் எனக்கு ஐந்நூறு டொலருக்கு மேல் போனது. நாலு செடியில் இரண்டு செத்தும் போனது. கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் விற்கிற விதம் தெரிந்தால் எந்தக் கடைக்குள் நின்றாலும் உங்களுக்குப் பிடிபடும்.

சட்டத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் அதை முதலே சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 ஒக்ரோபர் 17இல் இருந்து இது குற்றமில்லை. ஒன்ராறியோவில் 19 வயதானவர் வளர்க்கலாம். நாலு செடி என்பது ஒரு வீட்டுக்கு, ஆளுக்கு நாலு என்று சிலர் நினைப்பது பிழை. கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே தடை, 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. வாடகை வீடு, கொண்டோ என்றால் ஒப்பந்தத்தை ஒருக்கா வாசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சட்டப்படி எல்லாம் சரி, ஆனாலும் சொந்தக்காரர் வந்தால் பேஸ்மென்ற் அறை பூட்டப்படும். கேட்பவர்களுக்கு மனைவி சொல்வது, உள்ளே தக்காளிக் கன்று என்று.

அந்தக் கூச்சம்தான் இந்தக் கடைகளுக்கு மூலதனம். மிளகாய்க் கன்றுக்கு வருத்தம் வந்தால் கோயிலில் கண்ட ஆளிடம் கூடக் கேட்கலாம். இந்தச் செடிக்கு வருத்தம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கடைக்குத்தான் போகவேண்டும். ஏமாந்தாலும் நாலு பேருக்குச் சொல்ல வாய் வராது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ்ப் பொடியன் நிற்கிற கடை, மனம் விட்டுக் கதைக்கலாம் என்றுதான் போனேன். கூடாரம், எல்ஈடி லைற், மண், பத்து கலன் பிளாஸ்ரிக் சாடி நாலு, உரப் போத்தல் மூன்று. இவற்றோடு ஒரு அச்சடித்த தாளும் தந்தார்கள். ஒவ்வொரு சாடிக்கும் தினமும் காலையில் ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உரம் கலந்து. செடியின் உயரம், சாடியின் அளவு, அறையின் குளிர் என்று எதுவும் அந்தத் தாளில் இல்லை. தாளை அறைக் கதவில் ஒட்டி, அதில் இருந்தபடியே செய்தேன்.

ஒரு சாண் உயரக் கன்றுக்கு 38 லீற்றர் சாடி. வேர் ஒரு மூலையில் இருக்க, சுற்றிவர மண் முழுக்க ஈரம். குடிக்க வேர் இல்லாத இடத்து ஈரம் காயாது. இரண்டாம் கிழமையே இலைகள் கீழ்நோக்கி வளையத் தொடங்கின. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கூடாரத்துக்குள் ஊதா நிற வெளிச்சத்தில் எடுத்த படம். அந்த வெளிச்சத்தில் பச்சை இலையும் மஞ்சள் இலையும் ஒன்றுதான். பொடியன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "மக்னீசியம் காணாது அங்கிள்" என்று பின்னால் திரும்பாமலே கையை நீட்டித் தட்டில் இருந்து போத்தலை எடுத்தான். எங்கே இருக்கிறது என்று கை பழகியிருந்தது. கல்சியமும் மக்னீசியமும் கலந்த போத்தல், கல்மாக் என்பார்கள்.

இலை திருந்தவில்லை, மண்ணிறப் புள்ளிகளும் வந்தன. மறுபடி போனபோது குற்றவாளி மாறிவிட்டது. "ரொறன்ரோத் தண்ணி சரியான ஹார்ட் அங்கிள், அதுதான் பிரச்சினை" என்று எதிர்ச் சவ்வூடு வடிகட்டி ஒன்றைக் கட்டிவிட்டான். ஆர்ஓ ஃபில்டர் என்று சொல்வது அதைத்தான். காசு கட்டும்போது இன்னொன்றும் சொன்னான்: வடிகட்டின தண்ணீரில் கல்சியம் இருக்காது, அதனால் கல்மாக்கை இரட்டிப்பாக விடுங்கோ. இரண்டாவது கல்மாக் போத்தலும் பைக்குள் போனது. வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தேன். மேல் வரியில் கல்சியத்தை எடுக்கிற இயந்திரம், கீழ் வரியில் கல்சியம்.

குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். அதன் கடினத்தன்மை லீற்றருக்கு 120 மில்லிகிராம் அளவில். கடினத்தன்மை என்பதே அதில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும்தான். மண்ணில் வளர்க்கும் நாலு செடிக்கு இந்தத் தண்ணீர் தாராளம். கல்மாக் தேவைப்படுவது தென்னந்தும்பில் வளர்ப்பவர்களுக்கு, இல்லையென்றால் வடிகட்டின தண்ணீர்தான் விடுவேன் என்று நிற்பவர்களுக்கு. மாநகரம் கிருமி கொல்லத் தண்ணீரில் குளோரமின் சேர்க்கிறது என்பது உண்மை. அது வாளியில் ஓர் இரவு வைத்தால் குளோரின் போல் பறந்துவிடாது. ஆனால் சாடியில் நிற்கும் செடி அந்த அளவால் சாகாது. அதைச் சொல்லியும் எனக்கு ஒரு வில்லை விற்கப் பார்த்தார்கள், வாங்கவில்லை.

அடுத்தது சிறு கறுப்பு ஈக்கள். மண்ணைத் தொட்டால் கிளம்பும். பங்கஸ் நட் என்பார்கள், ஈரமாகவே கிடக்கும் மேல்மண்ணில்தான் அதன் புழு வளரும். இதற்குக் கடை தந்தது நீல மூடி போட்ட விசிறு போத்தல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

லீமிங்ரனில் பசுங்கூடங்களில் கனகாலம் வேலை செய்த அக்கா ஒருவர் வேறு அலுவலாக வீட்டுக்கு வந்திருந்தார். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஏக்கர் கணக்கில் வளர்க்கிற ஊர் அது. தக்காளிக் கதை அவரிடம் எடுபடாது என்பதால் அறையைத் திறந்து காட்டினேன். அவர் இலையைப் பார்க்கவே இல்லை. "எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடுறீர் தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. கடையில் ஒரு தடவை கூட அதைக் கேட்கவில்லை. கதவில் இருந்த தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சாடியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், தூக்க முடியவில்லை. செடியின் அடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துச் சாடியைச் சரித்துத் தட்டினார். வெளியே வந்த மண் கட்டியின் அடிப்பாகம் கறுப்பு. வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் மண்ணிறமாகி, இழுத்த இடத்தில் மேல்தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் கையில் வந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினார், அழுகல் மணம்.

வேருக்கு மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பிக் கிடந்தால் வேர் வேலை செய்யாது, பிறகு அழுகும். வேர் வேலை செய்யாவிட்டால் மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் மேலே போகாது. அப்போது இலையில் தெரிவது சத்துக் குறைவுதான், அதில் பொடியன் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அதற்குப் போத்தல் போத்தலாக இன்னும் உர உப்பைக் கொட்டினால் மிச்ச வேரும் போகும். என் இலை நுனிகள் எரிந்தது அதனால்தான். தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்வதற்குத் தட்டில் போத்தல் இல்லை, அதனால் அந்த வைத்தியம் கடையில் கிடைக்காது.

அக்காவிடம் படித்ததையும் பிறகு நானாகத் தேடி வாசித்துச் சரிபார்த்ததையும் எழுதிவைக்கிறேன், கடைக்குப் போகமுதல் பாருங்கள். தண்ணீர் கூடினாலும் இலை தொங்கும், குறைந்தாலும் தொங்கும், குழப்பம் அங்கேதான். கூடினால் இலை தடித்து, விறைப்பாக, காம்பில் இருந்தே வளைந்து நிற்கும். குறைந்தால் இலை மெலிந்து சோர்ந்து விழும், சாடி லேசாக இருக்கும், தண்ணீர் விட்டுச் சில மணி நேரத்தில் எழும்பிவிடும். நம்பகமான கருவி உங்கள் கைதான். சாடியைக் காய்ந்த மண்ணோடு ஒருக்காவும் நன்றாக நனைத்த பிறகு ஒருக்காவும் தூக்கிப் பாருங்கள். கனம் பாதிக்குக் கீழே வந்தபிறகு விடுங்கள், விடும்போது அடியால் கொஞ்சம் வடியும் வரை விடுங்கள், வடிந்ததைத் தட்டில் நிற்கவிடாமல் ஊற்றிவிடுங்கள். கன்றைச் சின்னச் சாடியில் தொடங்கி, வேர் நிரம்பியதும் மாற்றுங்கள். துணிச் சாடியும், மண்ணில் காற்றுக்கு இடம் விடுகிற பேர்லைட் என்ற வெள்ளைப் பொடிக்கல்லும் உதவும். எங்கள் பேஸ்மென்றுகளில் இன்னொரு சிக்கல், மாரியில் சீமெந்துத் தரை சில்லென்று இருக்கும். குளிர்ந்த வேர் மெதுவாகத்தான் குடிக்கும். சாடிக்குக் கீழே ஒரு தடித்த ஃபோம் அட்டை போட்டாலே வித்தியாசம் தெரியும்.

உண்மையான சத்துக் குறைவு என்றால் எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள். நைதரசனையும் மக்னீசியத்தையும் செடி பழைய இலையில் இருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுக்கும், அதனால் அவை குறைந்தால் அடி இலைதான் முதலில் காட்டும். நைதரசன் என்றால் இலை முழுக்க வெளிறும், மக்னீசியம் என்றால் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளாகும். கல்சியத்தையும் இரும்பையும் அப்படி இடம்மாற்ற முடியாது, குறைந்தால் மேலே குருத்துப் பக்கம் தெரியும். எனக்கு அடி, நடு, மேல் என்று எல்லா இடமும் ஒரே நேரத்தில் தொங்கியது, எந்தப் போத்தலின் கணக்கிலும் அது வராது. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் லைற் கிட்ட இருக்கிறது அல்லது வெக்கை கூட. ஊசி குத்தினது போல் பொடிப் புள்ளி என்றால் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை உருப்பெருக்கியால் பாருங்கள், சிலந்திப் பேனாக இருக்கலாம். எதுவானாலும் லைற்றை அணைத்து, செடியை வெளியே எடுத்து, வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள்.

பழுதான இலை திரும்பப் பச்சையாகாது என்பதையும் மறக்க வேண்டாம். புதிதாக வருகிற இலை எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். "இலை இன்னும் மாறேல்லையே அங்கிள், அப்ப இதையும் விட்டுப் பாருங்கோ" என்று அடுத்த போத்தல் விற்றது இது எனக்குத் தெரியாது என்ற துணிவில்தான்.

பிஎச் பேனாவும் விற்றார்கள், புளிப்புத் தன்மையை அளக்கிற கருவி அது. மண்ணுக்கு 6இல் இருந்து 7க்குள் இருந்தால் போதும். ஆனால் 4, 7 என்ற இரண்டு அளவுத் திரவங்களில் வைத்துச் சரிபார்க்காத பேனா காட்டுகிற எண்ணில் பயனில்லை. அந்தத் திரவங்களைத் தரவும் இல்லை, அவை வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி வந்தார். "நீங்கள் தண்ணி கூட விட்டிட்டீங்கள்" என்றார். அவருடைய தாளையே நீட்டினேன். "அது பெரிய செடிக்கு" என்றார். அது தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதும் திறந்த போத்தலுக்குக் காசு திருப்புவதில்லை என்று கதை மாறியது. கடைசியில் வடிகட்டிக்கு மட்டும் காசுக்குப் பதிலாகக் கடைக் கணக்கில் வரவு வைக்கிறேன் என்றார். அந்தக் கடையில் இனி நான் வாங்க என்ன இருக்கிறது? வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விபரம் சொல்லி விற்றதை ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்யலாம். கடிதம் அனுப்பியிருக்கிறேன், தாளின் பிரதியும் பில்லும் அதோடு. நீங்களும் இப்படித் தரும் தாள் எதையும் எறிய வேண்டாம்.

அந்த நீல மூடிப் போத்தல். கனடாவில் விற்கும் பூச்சிகொல்லிக்கு மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் பதிவு எண் லேபிளில் இருக்கவேண்டும். இதில் எண்ணும் இல்லை, உள்ளே என்ன மருந்து என்பதும் இல்லை, "இயற்கை" என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்தது. இது சின்ன விசயமில்லை. 2016, 2017 காலத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் கஞ்சாவே மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைகொல்லி இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது. அது எரிந்தால் ஹைட்ரஜன் சயனைட் வரும். பெயர் தெரியாத மருந்தைப் பூவில் அடித்துவிட்டு அதைப் புகைப்பதை யோசித்துப் பாருங்கள். ஈக்கு மேல்மண்ணைக் காயவிட்டதும் மஞ்சள் ஒட்டு அட்டையும் எனக்குப் போதுமாக இருந்தன. போத்தலைப் படம் எடுத்து ஹெல்த் கனடாவுக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். உங்களிடமும் அப்படி எண் இல்லாத ஒன்று இருந்தால் அடிக்க வேண்டாம், சிங்கில் ஊற்றவும் வேண்டாம். மாநகரத்தின் ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், கொடுக்கமுதல் லேபிளை முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.